கனசாவா: நீச்சல் குளத்தோடு திரும்பிவிடாதீர்கள்

ஜப்பானின் கனசாவா நகரில் ஒரு கலை அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போனோம். டோக்கியோவிலிருந்து அங்கே இரவு பஸ்ஸில் போகாதீர்கள். ஷிங்கன்சென் என்கிற அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரம், டிக்கெட் 14,000 யென் அளவில். நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாயை நெருங்குகிறது. பஸ்ஸுக்கு அதில் பாதிகூட ஆகாது என்பதால் அக்காவும் நானும் அதில் ஏறினோம். வரிசைக்கு நான்கு இருக்கைகள், முழங்காலை நீட்ட இடமில்லை. ஜூன் மாதப் புழுக்கத்துக்கு வைத்த குளிர்சாதனத்தை இரவு முழுவதும் யாரும் குறைக்கவில்லை. விளக்கு அணைந்த பிறகு கைப்பேசி வெளிச்சமும் கூடாது, ஜன்னல் திரையை விலக்கவும் கூடாது. நடுங்கிக்கொண்டே விடியற்காலையில் இறங்கினால் மழை. விடுதியில் மாலைக்கு முன் அறை தர முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மிச்சம் பிடித்த பணத்துக்கு இரண்டு நாள் கழுத்துவலி.

முன்பு வெளிநாட்டுப் பயணிகள் ஏழு நாள் ரயில் பாஸ் வாங்கிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றுவார்கள். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. டோக்கியோவோடு கனசாவாவை மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த பாஸ் இப்போது நஷ்டம். தனி டிக்கெட் வாங்கி ரயிலிலேயே போங்கள்.

இத்தனை அவதியும் 21ஆம் நூற்றாண்டு சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்காகத்தான். ரயில் நிலையத்திலிருந்து டவுன் பஸ் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. வாசல் என்று ஒன்றைச் சொல்வதும் தவறு. கட்டடம் 112.5 மீட்டர் விட்டமுள்ள வட்டம், சுற்றிலும் கண்ணாடி. முன்பக்கம், பின்பக்கம் கிடையாது, எந்தத் திசையிலிருந்தும் உள்ளே நுழையலாம். கட்டடக் கலைஞர்கள் கசுயோ செஜிமாவும் ரியூ நிஷிசாவாவும் வடிவமைத்தது. 2004இல் திறந்தார்கள். அந்த ஆண்டே வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. 2010இல் இருவருக்கும் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசும் வந்தது. விருதை விடுங்கள். மழையில் நனைந்த பள்ளிப் பையன்கள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி காய்கறிப் பையோடு குறுக்கே நடந்து மறுபக்கம் வெளியேறினார். யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. வட்டத்தின் வெளிப்பகுதி முழுவதும் இலவசம், காலை 9 முதல் இரவு 10 வரை. நடுவிலுள்ள கண்காட்சி அறைகளுக்குத்தான் டிக்கெட், அதுவும் கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும்.

கட்டணக் கணக்கை முதலில் எழுதிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். ஆனால் ஜேம்ஸ் டரெல் என்ற கலைஞர் அமைத்த அறையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. இலவசப் பகுதியிலேயே இருக்கிறது. சதுரமான அறை, சுவரை ஒட்டிக் கல் இருக்கைகள், கூரையில் ஒரு சதுரத் திறப்பு. கண்ணாடி எதுவும் போட்டு மூடவில்லை. நாங்கள் போன நேரத்தில் மழை அந்தத் திறப்பு வழியாக அறைக்கு நடுவே கொட்டிக்கொண்டிருந்தது. சோற்றுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது கனசாவாக்காரர்கள் வழிவழியாகச் சொல்வது. அப்படிப்பட்ட ஊரில் மழையையே அறைக்குள் அழைத்து உட்காரவைத்திருக்கிறார் இந்த மனிதர். ஓரமாக உட்கார்ந்து பார்த்தோம். சாம்பல் நிற மேகம் அந்தச் சதுரத்துக்குள் நகர்ந்துகொண்டே இருந்தது. நேரம் போனதே தெரியவில்லை. இதற்கு ஒரு யென்கூட வாங்கவில்லை.

எல்லோரும் ஓடுவது லியாண்ட்ரோ எர்லிக் என்ற கலைஞர் படைத்த நீச்சல் குளத்துக்கு. மேலே நின்று பார்த்தால் குளத்துக்கு அடியில் உடுப்போடு மனிதர்கள் நடமாடுகிறார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் பத்து சென்டிமீட்டர் தண்ணீர்தான், கீழே நீல நிற அறை. நல்ல படைப்பு, மறுக்கவில்லை. கீழிருந்து பார்க்கும்போது தண்ணீரின் நெளிவு சுவரிலும் நம் கையிலும் ஓடுகிறது, மேலே நிற்பவர்களின் முகங்கள் கலைந்து கலைந்து கூடுகின்றன. கீழே இறங்க டிக்கெட் வேண்டும், அன்றைக்கே நேரம் பதிவு செய்யவும் வேண்டும். மழை வலுத்தால் மேல்தளத்தை மூடிவிடுவார்கள். எனக்குக் கோபம் வந்தது குளத்தின்மேல் இல்லை. கீழே இறங்கி, கையை மேலே தூக்கி ஒரு படம் எடுத்துக்கொண்டு, பக்கத்து அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள்மேல்தான். இவ்வளவு செலவழித்து வந்தது அந்த ஒரு படத்துக்கா?

அவர்கள் தவறவிடுவது சிற்பி அனிஷ் கபூரை. மும்பையில் பிறந்தவர். அவருக்கென்றே ஓர் அறை. சாய்வான கான்கிரீட் சுவரில் பெரிய கரிய முட்டை வடிவம், அவ்வளவுதான். சமகாலக் கலை என்றாலே முகம் சுளிக்கிற அக்கா, "இது பள்ளமா, மேடா, இல்லை வெறும் பெயிண்டா?" என்று கேட்டாள். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தோம். குழி மாதிரி தெரிந்தது, அடுத்த அடியில் சுவரிலிருந்து புடைத்து நின்றது, அதற்கடுத்து தட்டையாகிவிட்டது. கண் எதையும் பிடித்துக்கொள்ள முடியாத கறுப்பு. விடை தெரியாமல் அவள் நகர மறுத்தாள். வெளியே வந்த பிறகும் பள்ளம்தான் என்று சாதித்தாள், நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. விளக்கப் பலகையைப் படித்துத் தலையாட்டுவதைவிட இப்படி இருவர் நின்று சண்டை போடுவதுதான் ஒரு கலைப்படைப்புக்குச் செய்கிற மரியாதை என்று நினைக்கிறேன்.

மழை விட்டதும் புல்வெளிக்குப் போனோம். ஒலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் நிறுத்திய மூன்று நிறக் கண்ணாடிச் சுவர்கள் சுருள் சுருளாக நிற்கின்றன. நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள். உள்ளே நடக்க நடக்க ஊரின் நிறம் மாறுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது புல்லிலிருந்து முளைத்த மாதிரி நிற்கிற எக்காள வாய்கள். மொத்தம் 12. இரண்டிரண்டாக மண்ணுக்கடியில் குழாயால் இணைத்திருக்கிறார்கள், ஆனால் எதற்கு எது இணை என்று பார்த்தால் தெரியாது. ஒன்றில் "வணக்கம்" என்றேன். எங்கோ தூரத்து வாயருகே நின்ற ஒரு குழந்தை கத்திச் சிரித்து, அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லப் பார்த்தது. அக்கா அதன் பிறகு ஒவ்வொரு வாயாக ஓடினாள்.

இந்த ஊர்க் குழந்தைகளுக்கு இந்த இடம் புதிதல்ல. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் அருங்காட்சியகத்துக்கு அழைத்து வரும் திட்டம் இருக்கிறது. திறந்த காலத்தில் வந்த பிள்ளைகளிடம் 'இன்னொரு முறை' வருவதற்கான டிக்கெட்டைக் கொடுத்தனுப்பினார்கள், அவர்கள் அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு மாநகரம் தன் கலைக்கூடத்துக்கு ஆள் சேர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

2024 ஜனவரி 1 அன்று பக்கத்து நோட்டோ தீபகற்பத்தில் வந்த நிலநடுக்கத்தில் கண்காட்சி அறைகளின் கூரைக் கண்ணாடிகள் விழுந்தன. அறைகளை மூடிவைத்துப் பழுதுபார்த்து அந்த ஆண்டு ஜூனில்தான் திறந்தார்கள். அண்ணாந்து பார்த்தபோது அந்த உழைப்பை நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு. ஓமிச்சோ சந்தையில் மீன் குவிந்து கிடக்கிறது, பார்க்க அழகு. சோற்றின்மேல் பச்சை மீன் பரப்பிய கிண்ணத்தின் விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டோம். அது பயணிகளுக்குப் போட்ட விலை. பசியாற்றியது கனசாவா கறி என்கிற குழம்புச் சோறு. கெட்டியான, கறுத்த குழம்பு, மேலே பொரித்த கோழி, பக்கத்தில் பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், எல்லாம் எவர்சில்வர் தட்டில். ஸ்பூன் இல்லை, முள்கரண்டி தருகிறார்கள். ஆயிரம் யென்னுக்குள் வயிறு நிறைந்தது. குழம்பு நாக்கில் உறைத்தபோது பஸ்ஸின் குளிரே மறந்துபோயிற்று. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனம்: காய்கறி சூப்பில்கூட மீன் சாறு இருக்கலாம்.

தங்கத்தாள் சுற்றிய ஐஸ்கிரீம் வாங்காதீர்கள். ஜப்பானின் தங்கத்தாள் ஏறக்குறைய முழுவதும் இந்த ஊரில்தான் தயாராகிறது, அந்தக் கைவேலைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நாக்கில் அதற்கு ருசியே கிடையாது, காசு மட்டும் கரைகிறது.

அருங்காட்சியகத்துக்கு எதிரிலேயே இருக்கிற கென்ரோகுயென் தோட்டத்துக்கு டிக்கெட் வாங்காமலும் போகலாம். கட்டண நேரத்துக்கு முன் விடியற்காலையில் இலவசமாகத் திறந்துவைக்கிறார்கள், அந்த நேரம் தொடங்குமுன் வெளியே வந்துவிட வேண்டும். மறுநாள் அப்படித்தான் போனோம்.

அப்புறம், திங்கட்கிழமை போகாதீர்கள். கண்காட்சி அறைகள் மூடியிருக்கும், கபூரைப் பார்க்க முடியாது.