ஹாங்காங்கில் இறங்கிய மூன்று பேர்

1853 ஏப்ரல் கடைசியில் ஹோசியா ஸ்டவுட், ஜேம்ஸ் லூயிஸ், சாப்மன் டங்கன் என்ற மூன்று பேர் ஹாங்காங்கில் இறங்கினார்கள். அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் சபையிலிருந்து சீனர்களைத் தேடிப் போன முதல் மிஷனரிகள் இவர்கள். ஜூன் 22க்கெல்லாம் திரும்பக் கப்பல் ஏறிவிட்டார்கள். ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை.

நான் கத்தோலிக்கன். மோர்மன் போதனைகள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் இந்த மூவரை நினைத்தால் மனசு கனக்கிறது. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் கூடிய மாநாட்டில் பெயர் வாசித்து அனுப்பப்பட்டவர்கள். (அதே மாநாடு அனுப்பிய ரிச்சர்ட் பாலன்டைன் நம் மதராசுக்கு வந்தார்.) ஹாங்காங்கில் இவர்கள் பேச்சைக் கேட்டதெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். அவர்களும் கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார்கள். சீனர்களிடம் போகலாமென்றால் பாஷை தெரியாது, உட்கார்ந்து கற்கக் கையில் காசில்லை. சீனாவுக்குள்ளே அரசரை எதிர்த்து நடந்த தைப்பிங் கலகம் வேறு. மார்ச்சில்தான் நான்ஜிங் நகரம் கலகக்காரர்களிடம் விழுந்திருந்தது. ஸ்டவுட் ஊர் போய்ச் சேர்ந்தபோது மனைவி உயிரோடு இல்லை.

எல்லோரும் கலகத்தைத்தான் காரணம் சொல்வார்கள். எனக்கென்னவோ பாஷைதான் முதலில் தெரிகிறது. கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் எங்கள் அம்மாயி மலையாளப் பூசையில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் முட்டி போடும். வீட்டுக்கு வந்து செபமாலையைத் தமிழில் சொல்லி முடித்த பிறகே அதற்குப் பூசை பார்த்த மாதிரி இருக்கும்.

1921 ஜனவரியில் மோர்மன் தலைவர்களில் ஒருவரான டேவிட் மெக்கே பீகிங் (இன்றைய பெய்ஜிங்) அரண்மனை வளாகத்தில் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே நின்று சீனாவுக்காக ஜெபித்தார். மிஷன் திறக்க 1949 ஆனது. அதுவும் ஹாங்காங்கில். கொரியப் போர் வந்து 1951இல் மூடினார்கள். 1955இல் திரும்பத் திறந்தபோது பொறுப்பேற்றவர் கிராண்ட் ஹீட்டன். வயது இருபத்தாறுதான். ஆனால் 1950இலேயே மிஷனரியாக வந்து ஹாங்காங்கில் பேசும் சீன பாஷையான கான்டனீஸ் கற்றுக்கொண்டவர். வேர் பிடித்தது அப்புறம்தான். 1956இல் தைவானுக்கு ஆள் போனார்கள், 1965இல் அவர்களுடைய வேதமான மோர்மன் நூல் சீனத்தில் வந்தது.

எங்கள் பங்கில் கூட்டம் குறைகிறது, ஞாயிறு தமிழ்ப் பூசையை மலையாளப் பூசையோடு சேர்த்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அடுத்த பங்குப் பேரவையில் இந்தக் கதையை எழுந்து நின்று சொல்லப் போகிறேன்.