தாது வருசப் பஞ்சத்துல வந்த ஓட்டனைத் தேடி

நான் இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கம், தோட்டத்து ஆளு. எங்க ஓட்டன், அதாவது தாத்தாவோட தாத்தா, இந்தியாவுல எந்த ஊருன்னு தேடிக் கண்டுபிடிச்ச விதத்தை எழுதுறேன், நம்மாளுங்க நெறைய பேரு இதையே தேடிட்டு இருக்கீங்க.

ஃபிஜி, தென்னாப்பிரிக்காவுல நேட்டால் போனவங்களுக்கு கப்பல் பட்டியல் இருக்கு, பேரு, அப்பா பேரு, கிராமம் எல்லாம் அதுல எழுதியிருக்கும். நம்மாளுங்க அந்த மாதிரி ஒப்பந்தத்துல வரல, கங்காணி கூட்டமா கூட்டிட்டு வந்தாரு, தோணியில வந்து மன்னார்ல எறங்கி காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடந்தாங்க, அதனால அப்படி ஒரு பதிவே நமக்கு இல்ல. கொழும்புல சுவடிகள் திணைக்களத்துல தோட்டங்களோட விவரம் போட்ட பழைய பெர்குசன் டைரக்டரிய எடுத்துப் பார்த்தேன், தோட்டம், ஏக்கர், துரை பேரு எல்லாம் இருக்கு, கோப்பி நட்ட ஒருத்தர் பேரும் இல்ல. மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு.

அப்பாவோட பர்த் சர்டிபிகேட்டுல பாட்டன் இலங்கையில பொறந்திருந்தா அவரு பேரு, பொறந்த எடம் போடுறதுக்குன்னே ஒரு கூடு, அதாவது கட்டம், இருக்கு, 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு அந்த விவரம்தான் தேவைப்பட்டுச்சு, எங்க வீட்டுப் பத்திரத்துல அது வெறும் கோடு. என் பூட்டன், அதாவது அப்பாவோட தாத்தா, இங்கதான் பொறந்தாரு, ஆனா அதுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்ல. இப்படி அத்தாட்சி இல்லாம நம்ம சனத்துல நெறைய பேரு நாடில்லாம நின்னாங்க.

வழி காட்டுனது அப்பாவோட அத்தைதான். தொண்ணூறு தாண்டிருச்சு, இன்னும் தோட்டத்து வரிசை வீட்டுல, லயத்துலதான் இருக்காங்க. பக்கத்துல உக்காந்து போன்ல ரெக்கோட் பண்ணுனேன். வருசம் கேட்டா தெரியல, “தாது வருசப் பஞ்சத்துல கஞ்சிக்கு வழியில்லாம அப்பன் கைய புடிச்சிட்டு வந்த புள்ளடா அவரு”ன்னாங்க. தாது வருசம்னா 1876-77, அந்தப் பெரும்பஞ்சமேதான்! கோப்பியில நோய் வந்து ஏழெட்டு வருசம் ஆயிருச்சு, ஆனாலும் தோட்டத்துக்கு ஆள் எடுத்துட்டுத்தான் இருந்தாங்க. அப்புறம் குலதெய்வத்தோட பேரும் “துறையூர்ப் பக்கம்”னும் சொன்னாங்க. தோட்டத்துல எல்லாரும் மாரியம்மன் திருவிழாதான் கொண்டாடுறோம், வீட்டு சாமி பேரு பெரியவங்க வாயில மட்டுந்தான் இருக்கு, அதனால அதை முதல்ல கேட்டு வைங்க.

அத்தையோட தகரப் பெட்டியிலதான் பெரிய விசயம் கெடைச்சுது. இந்திய வம்சாவளி ஆளுங்க பிரஜாவுரிமை கேக்குறதுக்கான 1949 சட்டத்துல 1951 ஆகஸ்ட்டுக்குள்ள மனு போடணும், கல்யாணமானவங்க 1939ல இருந்து தொடர்ச்சியா இங்க இருந்ததைக் காட்டணும், அதுக்கு பூட்டன் குடுத்த சத்தியக்கடதாசியோட (அபிடவிட்) நகல் அது. மனுவை நிராகரிச்சுட்டாங்க. ஆனா அந்தக் கடதாசியில ஓட்டன் பேரும், திருச்சினாப்பள்ளி ஜில்லா முசிறி தாலுகான்னு ஊர் பேரும் இங்கிலீசுல இருக்கு. கீழ பூட்டனோட பெருவிரல் அடையாளம். அத நான் ரொம்ப நேரம் தொட்டுக்கிட்டே இருந்தேன்.

டைப் பண்ணுனவரு ஊர் பேரை காதுல கேட்டபடி அடிச்சிருந்தாரு, மேப்புல தேடுனா வரல. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குப் போன சின்ன தாத்தா குடும்பம் கோத்தகிரியில இருக்கு, அவங்ககிட்ட வாட்ஸப்ல கேட்டதும் பழைய பாஸ்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்புனாங்க, அதுல சரியா இருந்துச்சு. இங்க தங்குனவங்க கடதாசியையும் அங்க போனவங்க கடதாசியையும் சேர்த்து வச்சுத்தான் ஆகணும், ஒரு பக்கத்தை மட்டும் வச்சு தேடாதீங்க.

அப்புறம் துறையூர் போய் அங்கருந்து பஸ்ல கிராமத்துக்குப் போனோம். பூசாரிகிட்ட சாமி பேரைச் சொன்னதும் பங்காளி வீட்டுக்கு கூட்டிட்டுப் போனாரு. அங்க இருந்த பெரியவர் “கண்டிச்சீமைக்குப் போன வகையறாவா நீங்க”ன்னு கேட்டாரு, பஞ்சத்துல அண்ணன் குடும்பம் போயிருச்சு, தம்பி மட்டும் இருந்துட்டாருன்னு அவங்க வீட்டுலயும் சொல்லி வச்சிருக்காங்க, அந்தத் தம்பி வழிதான் இவங்க. அப்பா பேச முடியாம அழுதுட்டாரு. ஓட்டனோட அம்மா பேரு மட்டும் யாருக்கும் தெரியல, அதுக்கு இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன். வர்ற சிவராத்திரிக்கு குலதெய்வம் கும்பிட கோத்தகிரி ஆளுங்களும் வர்றாங்க, நாங்களும் டிக்கெட் போட்டாச்சு.