கேனன் ஆலையின் ஊரில்: சில நாட்களின் குறிப்பு

ஜூலை 26, 2025

இன்று வட கரோலினாவின் கனாபொலிஸ் நகருக்கு வந்தேன். ஜேம்ஸ் வில்லியம் கேனன் 1887-இல் பக்கத்து ஊரான கான்கார்டில் தொடங்கிய துணி ஆலை நிறுவனம், 1906-இல் இங்கு நிலம் வாங்கி, ஆலையோடு ஓர் ஊரையும் சேர்த்தே எழுப்பியது. 1921 முதல் 1971-இல் இறக்கும்வரை அதை நடத்திய அவருடைய மகன் சார்லஸின் காலத்தில், கேனன் துண்டு இல்லாத அமெரிக்க வீடு அரிது என்னும் அளவுக்கு அது வளர்ந்தது.

ஜூலை 27

தொழிலாளர் குடியிருந்த வீடுகளும் கடைத்தெருவும் நிறுவனத்துக்கே சொந்தமாக இருந்தன. 1984 வரை இவ்வூருக்கென ஒரு நகராட்சிகூட இல்லை. வாடகை குறைவு என்பது உண்மைதான். ஆனால் முதலாளியே வீட்டுக்காரராகவும் இருக்கும் ஊரில் எதிர்த்துப் பேச யாருக்குத் துணிவு வரும்? வேலையிலும் குடியிருப்பிலும் கறுப்பினத்தவரிடம் பாகுபாடு காட்டுவதாக 1969-இல் மத்திய அரசே நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது.

ஜூலை 28

இன்று படித்தது மனத்தை விட்டு அகலவில்லை. 1982-இல் நிறுவனத்தை வாங்கிய தொழிலதிபர் டேவிட் மர்டாக், சில ஆண்டுகளிலேயே அதை ஃபீல்ட்கிரெஸ்ட் என்னும் மற்றொரு துணி நிறுவனத்திடம் விற்றார். இதற்கிடையே பழைய ஓய்வூதியத் திட்டம் கலைக்கப்பட்டு, அதன் உபரிப் பணம் எடுக்கப்பட்டது; ஓய்வூதியம் வழங்கும் பொறுப்பு எக்ஸிக்யூட்டிவ் லைஃப் என்னும் காப்பீட்டு நிறுவனத்திடம் போனது. 1991-இல் அந்நிறுவனம் நொடித்தபோது, பஞ்சுத் தூசியில் வாழ்நாளைக் கழித்த முதியவர்களின் மாதத் தொகை குறைக்கப்பட்டது. இழப்பில் ஒரு பகுதி பின்னர் ஈடுசெய்யப்பட்டாலும், இதை வெறும் கணக்குவழக்கு என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

ஜூலை 30

ஆலை மூடப்பட்ட நாள் இது. 1997-இல் இதை வாங்கிய பில்லோடெக்ஸ் நிறுவனம், கடன் சுமையாலும் மலிவான இறக்குமதித் துணிகளாலும் 2000-இல் திவாலாகி, மீண்டெழுந்து, 2003 ஜூலை 30 அன்று அடியோடு நின்றது. இம்மாநிலத்தில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். பலமுறை தோற்ற தொழிற்சங்கம் 1999-இல்தான் வாக்கெடுப்பில் வென்றிருந்தது. நான்கே ஆண்டுகள்!

2004-இல் அதே மர்டாக் ஆலையை ஏலத்தில் வாங்கி இடித்தார். இன்று அவ்விடத்தில் ஆய்வுக்கூடங்கள் நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிச் சான்றிதழ் கேளாமலே ஆலை வேலை கொடுத்து வந்ததால், வேலையிழந்தோரில் பலர் நடுவயதில் சமுதாயக் கல்லூரிக்குப் போய், விட்ட பள்ளிப் படிப்பிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.