‘அம்மா’வின் நீளம்

தேடல் பெட்டியில் ‘அம்மா’ என்று தட்டினேன். என்ஜின்எக்ஸ் என்கிற வலைச் சர்வரின் பதிவில் அது 45 எழுத்து நீளத்துக்கு, சதவீதக் குறிகளோடு விழுந்து கிடந்தது.

அ, ம, புள்ளி, ம, துணைக்கால். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 5 குறியீடுகள், அவற்றைக் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட். இணைய முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் மறுபடி 3 எழுத்தாகிறது.

நிரல்மொழியான லுவாவிடம் இந்தச் சொல்லின் நீளம் கேட்டால் 15 என்கிறது. அது எண்ணுவது பைட்டைத்தான். இது தெரியாமல் 10இல் வெட்டிவிட்டேன். ‘அம்’ மட்டும் மிஞ்சியது, பக்கத்தில் ஓர் உடைந்த கட்டம். பார்க்கவே என்னவோ போலிருந்தது.

சரி என்று வெட்டுவதை விட்டுவிட்டு, என்ஜின்எக்ஸுக்குள் லுவாவை ஓடவைக்கும் ஓப்பன்ரெஸ்டியில், முகவரியின் சதவீதக் குறிகளைப் பிரித்து மறுபடி பைட்டாக்கித் தரும் ஃபங்ஷனைக் கூப்பிட்டேன். ஒரே வரி. அம்மா முழுசாகத் திரும்பி வந்தாள்.

எந்த மொழி என்று கேட்காமல் பைட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிற இந்தச் சின்ன ஃபங்ஷன்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.