லிஸ்பனை விழுங்கிய காலை

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனை ரோமானியர் ஆண்டார்கள், மூர்கள் எனப்படும் வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் ஆண்டார்கள். 1147இல் சிலுவைப்போர் வீரர்களின் துணையோடு போர்ச்சுகலின் முதல் அரசர் அஃபோன்சோ என்ரிக்கேஸ் பிடித்தார். 1497இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டைத் தேடிக் கப்பல் ஏறியதும் இங்கிருந்துதான். மிளகுக் காசு, அப்புறம் பிரேசில் தங்கம் என்று ஊர் கொழுத்தது.

சரி, 1755 நவம்பர் 1க்கு வருவோம். அனைத்துப் புனிதர் திருநாள். தேவாலயங்களில் கூட்டம், பீடமெல்லாம் மெழுகுவர்த்தி. காலையில் பூமி குலுங்கியது. தப்பியவர்கள் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள், அங்கே சுனாமி. சாய்ந்த மெழுகுவர்த்தியிலும் அடுப்பிலும் பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. அதே ஆண்டில் திறந்த ஆடம்பரமான ஓபரா அரங்கும் போயிற்று. அரசர் முதலாம் ஜோசே அதன்பிறகு கல் கட்டடத்துக்குள் வாழவே பயந்து, அஜுடா குன்றில் மரத்தாலான அரண்மனையில் காலம் கழித்தார்.

ஊரைத் திரும்பக் கட்டியவர் அமைச்சர் பொம்பால். எண்பதை நெருங்கிய பொறியாளர் மனுவெல் ட மாயா திட்டம் போட்டார். ஊரின் மையத்திலுள்ள பைஷா பகுதியில் நேரான அகலத் தெருக்கள். சுவருக்குள் கூண்டுபோல மரச்சட்டம், குலுங்கினால் வளைந்துகொடுக்க. மாதிரி ஒன்றைக் கட்டி, சுற்றிலும் சிப்பாய்களை அணிவகுத்து நடக்கவிட்டுச் சோதித்தார்களாம்! எவ்வளவு நேரம் அதிர்ந்தது, கடல் முதலில் உள்வாங்கியதா என்றெல்லாம் தேவாலயப் பங்குகளின் குருமார்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார் பொம்பால். நிலநடுக்க ஆய்வுக்கு இது ஒரு தொடக்கம் என்பார்கள்.

ஆனால் ஆளை முழுசாகப் புகழ மனம் வரவில்லை. 1759இல், அரசரைக் கொல்ல முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட தாவோரா என்ற பிரபுக் குடும்பத்தை அவர் நடத்திய விதம் படு கொடூரம்.