30 மில்லி

மார்ச் 4
எடை குறைய இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துத் தைத்தாயிற்று, வீடும் வந்தாயிற்று. ஓட்டை போட்டது வயிற்றில், வலிப்பது தோள். உள்ளே கேமரா விடுவதற்காக ஏற்றிய வாயு கொஞ்சம் தங்கி உதரவிதானத்தை உறுத்துமாம், அந்த நரம்பு தோளில் போய் வலியைக் காட்டுமாம். நடந்தால்தான் தீரும். நடக்கிறேன்.

மார்ச் 5
நாடி 96. தையல் போட்ட இடம் கசிந்தால் காய்ச்சலுக்கும் முன்னால் நாடியே காட்டிக்கொடுத்துவிடலாம், 120ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் ராத்திரியானாலும் கிளம்பி வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மாலை 98. குளியலறை போய் வந்ததும் 104, அது நடந்ததால் இருக்கும், இருக்கணும். "இப்படி நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா எப்படிடி குறையும்?" என்று அக்கா கருவியை விரலிலிருந்து உருவி அலமாரி மேலே வைத்துவிட்டாள். அவள் குளிக்கப் போனதும் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 6
ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி. தொப்புளைச் சுற்றி நீலம் நீலமாக.

மார்ச் 9
மருந்து ஊற்றும் குட்டிக் கோப்பை, 30 மில்லி. அதைக் கால் மணி நேரம் உறிஞ்சுகிறேன். ஒரு மடக்கு அவசரப்பட்டால் நெஞ்செலும்புக்குப் பின்னால் கல்லை வைத்தது மாதிரி அடைத்து, வாயெல்லாம் எச்சில் ஊறிவிடுகிறது. இந்த லட்சணத்தில் ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாம்! பொடியைக் கரைத்துக் கரைத்து நாள் முழுக்க இதே வேலை.

மார்ச் 12
பசி இல்லை. பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரப்பதே இரைப்பையில் வெட்டி எடுத்த அந்த மேல்பகுதியில்தான், அதனால் இல்லை, சரி. ஆனால் அடுக்களையில் வெங்காயம் வதங்கும்போது எனக்குள் எழுந்து உட்காருகிறதே, அது யார்? வயிறு வேறு கடமுடா என்கிறது, அது அமிலமாம், அதற்கு ஒரு மாத்திரை. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் துணி மடித்தேன். ஏற்கெனவே மடித்த துணி.

நாடி 88.

மார்ச் 18
மசித்த முட்டை, இரண்டு ஸ்பூன். அதோடு கதவு சாத்திக்கொண்டது. அடுத்த அரை மணிக்குத் தண்ணீர் தொடக்கூடாது.

தொலைபேசியில் ஒருவர், "வாயைக் கட்டியிருந்தா போதுமே, எதுக்கு இந்தக் குறுக்கு வழி?" குறுக்கு வழியாம். வைத்துவிட்டேன்.

மார்ச் 23
எடை நகரவில்லை. மூன்றாவது வாரத்தில் நிறையப் பேருக்கு இப்படி நிற்குமாம். தெரியும். எந்திரத்தை வேறு தரையில் வைத்தும் பார்த்தேன்.

மார்ச் 24
அதே எடை. தலை சீவினேன், சீப்பைப் பார்த்தேன். முடி கொட்டுவதெல்லாம் மூன்று மாதம் கழித்துத்தான், இருந்தாலும்.

மார்ச் 31
நாடி 79, பார்க்க மறந்து மத்தியானம்தான் பார்த்தேன். நாளையிலிருந்து மெத்தென்று வெந்தது எதுவும் சாப்பிடலாம். முதலில் என்ன வேணும் என்று அக்கா காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள், எனக்கோ ஒன்றும்