மைக்ரேஷனா, மைக்ரேஷன் சர்டிபிகேட்டா?

பல்கலைக்கழக அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னலில் நின்று, "மைக்ரேஷன் படிக்க லண்டனுக்கு விண்ணப்பிக்கிறேன் சார், மதிப்பெண் பட்டியலை உறையில் போட்டு முத்திரை வைத்துத் தர வேண்டும்" என்றேன். உள்ளே இருந்தவர் முதல் சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, மைக்ரேஷன் சர்டிபிகேட்டுக்கான படிவத்தை நீட்டினார். நானும் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்துக் கைக்கு வந்த தாள், நான் அந்தப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போவதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றது. சரி, நல்ல சகுனம் என்று வைத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சிக்கும் போனேன். "கனடா பி.ஆரா மேடம்?" என்று ஆரம்பித்தார்கள். இல்லை, மனிதர்கள் ஏன் இடம்பெயர்கிறார்கள், போன இடத்தில் என்ன ஆகிறார்கள் என்று படிக்கிற படிப்பு என்று விளக்கினேன். அந்தப் பையன் பாவம், கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "அதுக்கு ஸ்கோப் இல்லை மேடம், சப்ளை செயின் எடுங்க" என்றான். வெளியே வந்து டீ குடித்துவிட்டு, இனி நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

நான் நீலகிரியில் கூடலூர் பக்கம் சேரம்பாடிக்காரி. டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் எங்கள் மலையில் அந்தத் தோட்டமே ஆரம்பமானது. என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, 1973-இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். அப்பாவுக்கு அப்போது ஆறு வயது. அரசு ஏட்டில் நாங்கள் 'தாயகம் திரும்பியோர்'. பஸ் ஸ்டாண்டில் 'சிலோன்காரங்க'.

இந்தப் படிப்புக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு ஒரு வருடம் விலை கொடுத்தேன்.

முதலில் படிப்பைப் பற்றிக் கொஞ்சம். பெயரெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே வேறு வேறு. ஆக்ஸ்ஃபோர்டில் 1982-இல் பார்பரா ஹாரெல்-பாண்ட் தொடங்கிய அகதிகள் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே நடக்கும் எம்.எஸ்சி. அகதிகளையும் கட்டாய இடப்பெயர்வையும் பற்றியது. சசெக்ஸில் இடப்பெயர்வு ஆய்வுக்கென்றே எம்.ஏ. உண்டு. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் எராஸ்மஸ் முண்டுஸ் படிப்பு (பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஐரோப்பிய முதுகலை) இரண்டு வருடம், அதில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்திருக்கின்றன. லண்டன் சோவாஸில் (ஸ்கூல் ஆஃப் ஓரியண்டல் அண்ட் ஆப்பிரிக்கன் ஸ்டடீஸ்) இருப்பது மானுடவியலை ஒட்டிய எம்.ஏ., ஒரு வருடம். புலம்பெயர் சமூகம் என்ற பகுதி பெயரிலேயே இருப்பது அங்கேதான். காலனி அதிகாரிகளுக்குக் கீழை நாட்டு மொழிகளைச் சொல்லிக்கொடுக்க 1916-இல் நிறுவிய இடம் அது. ஆப்பிரிக்கா பெயரில் சேர்ந்தது 1938-இல். எங்கள் முன்னோரைக் கப்பலேற்றிய ஆட்சிக்கு ஆள் தயார் செய்த இடத்தில் போய் அதைப் பற்றியே படிப்பது எனக்குப் பிடித்திருந்தது. இந்தியாவிலேயே படிக்க நினைப்பவர்கள் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 1996 முதல் இருக்கும் இந்தியப் புலம்பெயர்வு ஆய்வு மையத்தைப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் சி.டி.எஸ். என்ற வளர்ச்சி ஆய்வு மையம் 1998 முதல் கேரள இடப்பெயர்வுக் கணக்கெடுப்பை நடத்தி வந்தது. அந்த அறிக்கைகளைப் படித்துத்தான் இந்தத் துறையில் எண்களை எப்படிக் கேள்வி கேட்பது என்று நான் கற்றுக்கொண்டேன்.

2022 இலையுதிர்காலத்தில் மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தேன். எஸ்.ஓ.பி., அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கட்டுரையை, எழுத உட்கார்ந்தேன். ஆயிரம் சொல்லில் எழுநூறு, அப்பாயியின் கதை. கப்பல், வந்திறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம், குடும்ப அட்டை, பனி, லைன் வீடு. எழுதும்போது நானே அழுதேன். ஒரே ஒரு இடத்திலிருந்து அனுமதி வந்தது, பணம் எங்கிருந்தும் வரவில்லை. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு நான்கு கட்டுரை எழுதி, முதல் கட்டத்திலேயே வெளியே. அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம், கணக்குப்படி 2,800 மணி நேரம், கட்டாயம். அந்த மணிக்கணக்கு என்னிடம் இருந்தது. சொல்வதற்கு ஒரு கேள்விதான் இல்லை.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் எனக்கு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி) பாடம் எடுத்த பேராசிரியர். என் கட்டுரையைப் படித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது. இது உன் அப்பாயியின் விண்ணப்பமா, உன்னுடையதா?" என்றார். இரண்டு நாள் அவர் மேல் கோபமாக இருந்தேன்.

அப்புறம் ஒரு லீவு நாளில் சேரம்பாடிக்குப் போய் அப்பாயியோடு உட்கார்ந்தேன். இந்த முறை கதை கேட்கவில்லை, சொற்களை மட்டும் கவனித்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை 'ஊர்' என்றார். எந்த ஊர் என்று கேட்டால் ஹப்புத்தளை. "திரும்பி வந்தப்ப எப்படி இருந்துச்சு?" என்றேன். அப்பாயி வெற்றிலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "திரும்பியா? நாங்க இந்தியாவுக்கு வந்தோம் புள்ள. திரும்பியெல்லாம் வரல. துறையூர்ல இருந்து போனது என் தாத்தன். நான் அதைக் கண்ணாலகூடப் பாத்ததில்ல."

அரசியல் ஆய்வாளர் வில்லியம் சாஃப்ரன் 1991-இல் எழுதிய ஒரு கட்டுரையில், புலம்பெயர் சமூகம் என்றால் அதற்கு என்னென்ன அடையாளம் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். ஒரு மூல இடத்திலிருந்து சிதறியிருக்க வேண்டும், அந்த இடத்தின் நினைவு இருக்க வேண்டும், போன நாடு தங்களை முழுதாக ஏற்கவில்லை என்ற எண்ணம் இருக்க வேண்டும், ஒருநாள் திரும்புவோம் என்ற ஆசை இருக்க வேண்டும். அப்பாயியை அந்தப் பட்டியலில் பொருத்திப் பார்த்தேன். எல்லாம் அச்சாகப் பொருந்துகிறது, திசை மட்டும் தலைகீழ். தாயகம் என்று அரசு சொல்லும் இடம் அவருக்குப் போன நாடு. அவர் விட்டுவந்த நாடு மூல இடம். அப்படியானால் 'திரும்புதல்' எந்தப் பக்கம் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? எழுத வேண்டியது இந்தக் கேள்வியை என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. நான் வேலை பார்த்தது திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களோடு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலிக்கு ஊர் போகிறவர்களும் பயந்து போகிறவர்களும் ஸ்டேஷனில் ஒரே வரிசையில் நின்றார்கள். யார் எதற்காகப் போகிறார்கள் என்று கணக்கெடுக்க வந்தவர்களுக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஒரு அக்கா, "பண்டிகைதான், ஆனா திரும்ப வருவேனான்னு கேக்காதே" என்று இந்தியில் சொன்னார். இதை இரண்டாவது எஸ்.ஓ.பி.யில் ஒரு பத்தியாகச் சேர்த்தேன். அப்பாயி ஒரு பத்தி, ஸ்டேஷன் ஒரு பத்தி. மீதி முழுவதும் என்ன படித்திருக்கிறேன், என்ன தெரியாது, அந்தத் துறையில் எந்தப் பாடம் அதற்கு உதவும் என்பதுதான். ஏழு முறை திருத்தினேன். முதல் கட்டுரையின் ஒரு வாக்கியம்கூட மிஞ்சவில்லை.

பரிந்துரைக் கடிதம் தனிக் கூத்து. சில இடங்களில் இரண்டு கேட்டார்கள், ஒரு இடத்தில் மூன்று. கல்லூரி முகவரியிலிருந்து வரும் மின்னஞ்சலாக இருக்க வேண்டும் என்பது விதி. என் பேராசிரியருக்கு இருந்ததோ ஜிமெயில் மட்டும்தான். அதுவும் பேரன் திறந்து கொடுத்தது. ஒரு விண்ணப்பம் இதனாலேயே 'முழுமையற்றது' என்று திரும்பியது. கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்னால் அவருக்கென்று கல்லூரிக் கணக்கை உயிர்ப்பிக்க வேண்டி கம்ப்யூட்டர் லேப் அண்ணனுக்குப் பின்னால் அலைந்தேன். நீங்கள் செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் இங்கிலாந்தில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை ஐந்தரை மணி. அந்த ஐந்தரை மணி நேரத்தில்தான் என் மூன்றாவது கடிதம் போய்ச் சேர்ந்தது.

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எழுத்துப் பிரிவில் அரை மதிப்பெண் குறைந்தது, மறுபடி எழுதினேன், பணம் போச்சு.

உதவித்தொகைக்கு வருவோம். பட்டியலினத்தவருக்கான மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்பைத்தான் முதலில் நம்பியிருந்தேன். 2022-இல் வந்த அதன் புதிய விதிமுறையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இந்த உதவி கிடையாது என்று ஒரு வரி இருக்கிறது. என் தலைப்பை அந்த வரியோடு வைத்துப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். தலைப்பை மாற்றி எழுது என்றார்கள் நண்பர்கள். மாற்றியிருந்தால் கிடைத்திருக்கலாம். மனம் வரவில்லை, அவ்வளவுதான். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர் நலத் துறை வழியாக வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவுகிறது. 2024 வசந்தத்தில் சோவாஸின் அனுமதிக் கடிதம் வந்ததும் அதற்கு விண்ணப்பித்தேன்.

அங்கேதான் அப்பாவின் பெயர் குறுக்கே வந்தது. இலங்கையில் கொடுத்த தாள்களில் அவர் 'லெட்சுமணன்'. தோட்டத்து ஆங்கிலத்தில் எல்-ஈ-டி-சி-எச் என்று தொடங்கும். இங்கே பள்ளியில் சேர்த்தவர் 'லட்சுமணன்' என்று திருத்தி எழுதிவிட்டார். ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் இன்னொன்று, என் பாஸ்போர்ட்டில் மூன்றாவது எழுத்துக்கூட்டு. இரண்டு பேரும் ஒருவர்தானா என்று ஒரு அலுவலகம் கேட்டது. நோட்டரி கையெழுத்துப் போட்ட உறுதிமொழி போதாது, பழைய ஆதாரம் வேண்டும் என்றார்கள். அப்பாயி இரும்புப் பெட்டியைத் திறந்து, பாலித்தீன் பையில் சுற்றிய குடும்ப அட்டையை எடுத்தார். மண்டபத்தில் முத்திரை குத்திய அட்டை. அதில் அப்பாவின் பெயர், வயது, கப்பல் வந்த தேதி எல்லாம் இருந்தன. முதல் எஸ்.ஓ.பி.யில் இந்த அட்டையை நான் கண்ணீரோடு வர்ணித்திருந்தேன், ஆனால் ஒரு தடவைகூடப் பிரித்துப் படித்ததில்லை. ஐந்து நடை நடந்தோம். இரண்டு பெயரும் ஒருவரே என்ற சான்றிதழ் கிடைத்தது. உதவித்தொகை ஜூலை கடைசியில் உறுதியானது.

அதன் பிறகு விசா. உதவித்தொகைக் கடிதம் கையில் இருந்ததால் நான் பிழைத்தேன். இல்லாதவர்கள் லண்டனுக்கு மாதம் 1,334 பவுண்ட் வீதம் ஒன்பது மாதச் செலவு, அதாவது 12,006 பவுண்ட், கணக்கில் 28 நாள் தொடர்ந்து இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 13 லட்சம். அதுபோகக் கட்ட வேண்டிய கல்விக் கட்டணத்தையும் காட்ட வேண்டும். இது 2024 ஆகஸ்ட் கணக்கு, பிறகு தொகை கூடிவிட்டது, நீங்கள் போகும் வருடத்துக்கானதைப் பாருங்கள். அப்போது விசாவுக்கு 490 பவுண்ட், மருத்துவக் கூடுதல் கட்டணம் 1,164 பவுண்ட். இந்த மருத்துவக் கட்டணத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். அம்மாவின் வளையல் அதற்குத்தான் போனது.

சென்னையில் காசநோய்ப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றதை அப்பாயியிடம் போனில் சொன்னேன். "எக்ஸ்ரேயா? பரவாயில்ல. எங்களை மண்டபத்துல சட்டையைக் கழட்டச் சொன்னாங்க" என்றார். பிறகு, "சாப்பாடு போட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எங்களுக்குப் போட்டாங்க."

கடைசியாக ஆன்லைன் படிவம். நாற்பது பக்கம் இருக்கும் போலத் தோன்றியது. பெற்றோர் விவரத்தில் அப்பாவின் பெயர், பிறந்த தேதி, நாடு. அடுத்து, இவர் எப்போதும் இதே நாட்டின் குடிமகனாகத்தான் இருந்தாரா? ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். 'ஆம்' என்று போட்டுவிட்டுப் போவது சுலபம், யாரும் கேட்கப்போவதில்லை. 'இல்லை' என்று தட்டினேன். உடனே இன்னொரு கட்டம் திறந்தது. பிறந்தபோது எந்த நாடு?

அப்பாவுக்குப் போன் செய்தேன். கொழுந்து எடை போடுகிற இடத்தில் இருந்தார், ஒரே இரைச்சல். "1967-ல நீங்க எந்த நாடுப்பா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சிலோன்ல பிறந்தேன். ஆனா சிலோன் இல்லையே. இந்தியாவும் அப்புறந்தானே குடுத்தாங்க" என்றார். பக்கத்தில் யாரிடமோ கேட்டுவிட்டு, "எதாவது ஒண்ணு போட்டுத்தான் ஆகணுமா?" என்றார்.

கீழே இழுத்துப் பார்த்தேன். நாடுகளின் பெயர்கள் அகரவரிசையில் ஓடின. அவற்றுக்கு நடுவில் 'நாடற்றவர்' என்பதும் இருந்தது. "இருக்குப்பா" என்றேன். "அப்ப அதைப் போடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்று வாரத்தில் விசா வந்தது.